டெக்லனோட கைராசி

ஆமா சிஸ்டர், தங்கமான அப்பாதான். இன்னைக்குக் காலையில இதச் சொல்ற மூணாவது ஆள் நீங்க. கீழ பேர் பதிஞ்ச பொண்ணு சொல்லுச்சு, லிஃப்ட்ல ஒரு பெரியவர் சொன்னார், இப்ப நீங்க. கொலப்பட்டினியா கெடக்குற அஞ்சு மாசப் புள்ள, ஒரு சிணுங்கல் இல்லாம அப்பன் தோள்ல சாஞ்சுக்கிட்டு மீன்தொட்டியப் பாக்குதுன்னா யாருக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கும். அங்க பாருங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இன்னொரு நர்ஸம்மா நின்னு புள்ள கன்னத்தத் தொட்டுட்டுப் போறாங்க. இவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

ஃபாரத்த இப்படிக் குடுங்க, நானே எழுதுறேன். புள்ள பேரு ஃபெர்கஸ். வீட்டுல ஃபெர்கி. அஞ்சு மாசம் மூணு வாரம். அப்பா டெக்லன், அம்மா ப்ரான்வின். பாத்தீங்களா, அப்பா கட்டத்துல எல்லாம் எழுதி முடிச்சாச்சு, போன் நம்பர் மொதக்கொண்டு. அம்மா கட்டம்தான் காலியா கெடக்கு. ஐயோ, கோவமெல்லாம் இல்ல சிஸ்டர். நேத்து மூணு மணி நேரம் வண்டியில வந்தது, மோட்டல் கட்டில்ல புரண்டு புரண்டு படுத்தது, அதான் மூஞ்சி இப்படி இருக்கு.

என்னது, மயக்கம் குடுக்குற ரூமுக்குள்ள ஒருத்தர்தான் வரணுமா? அவன் தூங்குற வரைக்கும் மடியில வச்சுக்கவா? டெக்லன்னே எழுதிக்குங்க. இதுல கேக்க என்ன இருக்கு. அவர் கையிலதான் அவன் அடங்குவான். எங்க ஊருக்கே தெரிஞ்ச விஷயம், இப்ப உங்க ஆஸ்பத்திரிக்கும் தெரிஞ்சு போச்சு.

இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு? இருபது நிமிஷமா. அப்ப கொஞ்சம் உக்காருங்களேன் சிஸ்டர். உங்களுக்கு வேலை இருக்கும், தெரியுது. ஆனா உக்காருங்க. ஃபைல்ல எல்லாம் இருக்குன்னு சொல்றீங்க. ஃபைல்ல ரத்தம் வந்த தேதி இருக்கும், எடை இருக்கும். வேற என்ன இருக்கும்?

நாங்க கோப்டன் பக்கம். மாட்டுப் பண்ணைதான். முந்நூத்திச் சொச்சம் கறவை. சிரிச்சுக்கோங்க, பரவாயில்ல, எல்லாரும் சிரிச்சாச்சு. பால்காரன் வீட்டுப் புள்ளைக்குப் பால் ஆகாதாம். பால் ஏத்த வர்ற டேங்கர்க்காரர் கூட ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, என்னடா ஃபெர்கி, அப்பா பொழப்புல மண்ணப் போடப் பொறந்தியான்னு கேப்பார். மொதத் தடவை நானும் சிரிச்சேன்.

பொறந்து நாலு வாரம் இருக்கும். டயப்பர்ல சளி சளியா, நடுவுல செவப்பு நூல் மாதிரி ரத்தம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. டாக்டர்தான் சொன்னார், மாட்டுப் பால்ல இருக்குற புரதம் இவன் குடலுக்கு ஒத்துக்கல, நீ சாப்பிடுற பால், வெண்ணெய், சீஸ் எல்லாம் உன் பால் வழியா அவனுக்குப் போகுதுன்னு. பயப்படாதம்மா, ஒரு வயசு ஒன்றரை வயசுல தானா சரியாப் போயிரும், அதுவரைக்கும் நீ விட்டுரு, அவனுக்குக் குடுக்குறத நிறுத்தாதன்னார். விட்டேன்.

எப்படி விட்டேன்னு கேளுங்க. பன்னெண்டு வாரம் சிஸ்டர். கட்டன் டீ. காஞ்ச ரொட்டியில அந்தக் கருப்பு வெஜிமைட் பசை. எண்ணெயில வெந்த உருளைக்கெழங்கு, ஆட்டுக்கறி, திரும்ப உருளைக்கெழங்கு. கடையில ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பித் திருப்பிப் படிப்பேன். சாசேஜ்ல பால் பவுடர் போடுவான்னு உங்களுக்குத் தெரியுமா? சிப்ஸ்ல போடுறான். கோழி மேல தடவுற தூள்ல போடுறான். அடுப்படியிலேருந்து நாப்பது அடி நடந்தா ஆயிரக்கணக்கான லிட்டர் பால் தொட்டியில குளுகுளுன்னு நிக்குது, நான் டீய கருப்பாக் குடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இடுப்பு எலும்பு துருத்திருச்சு. தலைமுடி கொத்துக் கொத்தா வந்துச்சு. ஆனா ரத்தம் நின்னுச்சு சிஸ்டர். மூணாவது வாரத்துல சுத்தமா நின்னுச்சு. டயப்பரத் தொறந்து மஞ்சளாப் பாத்தப்ப, அத எடுத்துட்டுப் போய் டெக்லன்கிட்டக் காட்டினேன், பரிசு வாங்கின மாதிரி. அது என்னால ஆச்சு. யாரும் தங்கமான அம்மான்னு சொல்லல. அம்மான்னா அப்படித்தான இருக்கணும்னு விட்டுட்டாங்க.

அப்புறம் என் மாமியார் நோலீன் ஸ்கோன் பன்னு சுட்டுக் கொண்டு வந்தாங்க. நல்ல மனசுதான், குத்தம் சொல்ல மாட்டேன். மருமக எளச்சுப் போயிட்டாளேன்னு, லெமனேட் ஊத்திப் பிசையுற ஸ்கோன். இதுல பால் ஒரு சொட்டு இல்ல ப்ரோனி, சாப்பிடுன்னாங்க. நான் நாலு தின்னேன். அவ்ளோ மெத்துன்னு இருந்துச்சு. அஞ்சாவத எடுக்குறப்பதான் கேட்டேன், பாலும் இல்ல வெண்ணெயும் இல்ல, எப்படி அத்தை இவ்ளோ மெத்துன்னு வருதுன்னு. க்ரீம் ஒரு டப்பா ஊத்தினேன்னாங்க. க்ரீம் எங்கேருந்து வருது அத்தைன்னேன். அது மேல நிக்கிறதும்மா, அடியில இருக்குறதுதான பாலுன்னாங்க. நாப்பது வருஷமா மாடு கறக்குற பொம்பள! அவங்களுக்குப் பால்னா டேங்கர்ல போறது. க்ரீம், வெண்ணெய் எல்லாம் வேற சாதி.

மூணாம் நாள் ரத்தம். எடையும் எறங்கிருச்சு. டாக்டர் என்னைப் பாத்தார், புள்ளையப் பாத்தார், போதும்மா, நீ செஞ்சது ரொம்ப அதிகம், இனிமே டப்பாப் பாலுக்கு மாத்திரலாம்னார். மாட்டுச் சமாசாரமே இல்லாத பவுடர் டப்பா. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள டெக்லன், ஆமா ப்ரோனி, போதும்னுட்டார். என் முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டே சொன்னார். அந்தக் கைய அப்படியே தட்டி விடணும் போல இருந்துச்சு. நாலு ஸ்கோன். அவங்கம்மா சுட்ட ஸ்கோன். அதுக்கு என் பன்னெண்டு வாரமும் போச்சு.

அந்த டப்பா வாசனை உங்களுக்குத் தெரியும்ல? அழுகின உருளைக்கெழங்க ஊறவச்ச மாதிரி. புட்டிய வாயில வச்சா ஃபெர்கி மூஞ்சிய அஷ்டகோணலாக்கிட்டுத் துப்புவான். ரெண்டு நாள் துப்பினான். கத்துவான், என் சட்டையப் பிடிச்சு இழுப்பான், நெஞ்சுல முட்டுவான். எனக்கு அழுகையா வருது. ஆனா உங்ககிட்ட உண்மையச் சொல்றேன், உள்ளுக்குள்ள ஒரு மூலையில குளுகுளுன்னு இருந்துச்சு. பாத்தியா, அவனுக்கு நான்தான் வேணும்னு.

மூணாம் நாள் இவர் கொட்டகையிலேருந்து வந்தார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார், நீங்கல்லாம் ஆபரேஷனுக்குக் கழுவுவீங்களே அப்படி. குடுன்னார். எங்க பக்கம் கேட்டுப் பாருங்க, குடிக்காத கன்னுன்னா டெக்லனக் கூப்பிடுன்னுவாங்க. பத்து மைல் தாண்டிப் போன் வரும். கன்னு பொறந்த அன்னைக்கே தாய்கிட்டேருந்து பிரிச்சுருவோம், அது எங்க வழக்கம். பிரிச்ச கன்னு ரப்பர் காம்புல குடிக்கப் பழகணும்ல, சிலது செத்தாலும் வாயத் தொறக்காது. இவர் அதோட பின்பக்கத்தத் தன் முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, ரெண்டு விரல வாயில குடுத்து, இன்னொரு கையால தாடைக்குக் கீழ தடவிக்கிட்டே இருப்பார். அது விரலச் சப்ப ஆரம்பிச்சதும் விரலுக்குப் பக்கத்துலயே ரப்பர நைசா நொழைச்சுருவார். கன்னுக்கு எது விரல், எது ரப்பர்னே தெரியாது. குடிக்க ஆரம்பிச்சுரும்.

அதையேதான் செஞ்சார். என் புள்ளைய மடியில முதுகு காட்டி உக்கார வச்சு, சுண்டு விரலக் குடுத்து, தாடையத் தடவி, ம்ம் ம்ம்னு அடித்தொண்டையில ஒரு சத்தம் குடுத்துக்கிட்டே புட்டியச் சொருகிட்டார். குடிச்சான் சிஸ்டர். கடகடன்னு குடிச்சான். என் நெஞ்சு நனைஞ்சு சட்டையெல்லாம் ஒழுகுது, நான் எதிர்ல நிக்கிறேன், அவன் என்னைப் பாத்துக்கிட்டே அந்த நாத்தத்தக் காலி பண்ணினான். நோலீன் கை தட்டினாங்க. டெக்லன் கைராசின்னாங்க. நான் போய்த் துணி மடிச்சேன்.

அன்னைலேருந்து புள்ள அவரோடது. விடியக்காலம் கறவைக்கு முன்னாடி ஒரு புட்டி, கறந்துட்டு வந்து ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எல்லாம் அவர்தான். மூணு மணிப் புட்டி மட்டும் எனக்கு, ஏன்னா அப்ப அவர் சாயங்காலக் கறவைக்குக் கொட்டகையில இருப்பார். அதையும் என் கையில சரியா குடிக்க மாட்டான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கதவப் பாப்பான். அப்பன் எப்ப வருவான்னு.

மொதச் சிரிப்பும் அவருக்குத்தான். சத்தம் போட்டுச் சிரிக்கிற சிரிப்பு இருக்கே, அது. நான் குளிச்சுட்டு ஈரத்தலையோட ஓடி வர்றேன், ரெண்டு பேரும் தரையில படுத்துக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இன்னொரு தடவை சிரிக்க வைங்கன்னேன். என்னைப் பாத்ததும் அவன் சும்மாயிட்டான். நெட்பால் க்ளப்புக்குப் போனா பொம்பளைங்க எல்லாம், குடுத்து வச்சவ நீ, எங்க வீட்டு ஆளு டயப்பர் எந்தப் பக்கம் முன்னாடின்னு கேப்பான்னு சொல்றாங்க. ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வருவேன். வயிறு எரியும் சிஸ்டர். சொந்தப் புருசன் மேல, அதுவும் அவர் பெத்த புள்ளைய அவர் கொஞ்சுறதுக்கு வயிறெரியுற பொம்பளைய நீங்க பாத்திருக்கீங்களா? பாத்துக்குங்க.

ஒரு நாள் கேட்டே கேட்டுட்டேன். கன்னுக்குட்டியப் பழக்குற மாதிரி என் புள்ளையப் பழக்கிட்டீங்கல்லன்னு. அவர் சிரிச்சுட்டு, கன்னுக்கெல்லாம் இவ்ளோ பொறுமை எனக்கு இருக்காது ப்ரோனின்னார். சண்டைக்கே வர மாட்டார். கெட்டவரா இருந்தா எவ்ளோ வசதியா இருக்கும், சொல்லுங்க. குடிக்கிறார், அடிக்கிறார்னு நாலு பேர்கிட்ட அழலாம். இவர் நல்லவராப் போனதால எனக்கு அழக்கூட வழியில்ல.

டப்பாவுக்கு மாத்தினப்பவே, எனக்குப் பால் வத்துறதுக்கு ஒரு வாரம் ஆகும்னார் டாக்டர். நோலீன் முட்டைக்கோஸ் எலைய உள்ளாடைக்குள்ள வச்சுக்கன்னு ஒரு கோஸ் கொண்டாந்து வச்சாங்க. கறக்காம விட்டா தானா வத்திரும், மாட்டுக்கும் அப்படித்தானன்னு இவர் சொல்றார். எனக்கு என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா? நான் ஜீலாங் டவுன்ல வளந்தவ. கல்யாணமாகி வந்த வருஷம், கன்னு பிரிச்ச மாடுங்க வேலியோரமா நின்னு ராவும் பகலும் கத்தும். நான் தலகாணிய காதுல அமுக்கிக்கிட்டு, எப்ப நிறுத்தும்னு கேட்டேன். ரெண்டு நாள், மூணாம் நாள் மறந்துரும்னார். மறந்துச்சுன்னு எப்படித் தெரியும்னேன். கத்துறத நிறுத்திருமேன்னார்.

நானும் கத்துறத நிறுத்திட்டேன். ஒரு வாரம் கழிச்சு, வத்திருச்சான்னு கேட்டார். வத்திருச்சுன்னேன்.

மறுநாள் காலையில ஒரு பெரிய கோப்பை நெறைய பால் விட்ட டீ, சீஸ் போட்டுச் சுட்ட ரொட்டி. கட்டிலுக்கே கொண்டாந்து குடுத்தார். இனிமே உனக்குத் தடையே இல்ல ப்ரோனி, ஒடம்பத் தேத்துன்னு. அவர் மூஞ்சியில அவ்ளோ சந்தோஷம். அன்னைலேருந்து தெனம் கொண்டு வருவார். நான் கடைசிச் சொட்டு குடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாப்பார். இவருக்கு மடக்குமடக்குன்னு குடிக்கிறதப் பாக்கணும். கன்னோ, புள்ளையோ, பொண்டாட்டியோ.

டப்பாவுக்கு மாறினதும் ஃபெர்கி மூணு வாரம் நல்லா இருந்தான். எடை கூடுச்சு. அப்புறம் திரும்ப ரத்தம். டாக்டருக்கு ஒண்ணும் புரியல. அந்த டப்பாவுல மாட்டோட வாசமே கெடையாதே, இது எப்படின்னு. வேற டப்பா மாத்தினார், அப்பவும் ரத்தம். அஞ்சு வாரமா விட்டு விட்டு வருது. மல டெஸ்ட், ரத்த டெஸ்ட், கடைசியா, உள்ள கேமரா விட்டுப் பாத்துருவோம், மெல்போர்னுக்குப் போங்கன்னுட்டார். வேற ஏதாவது பெரிய வியாதியா இருக்குமோன்னு. டெக்லன் அன்னைக்கு வண்டியில உக்காந்து அழுதார். ஸ்டியரிங்ல தலைய வச்சுக்கிட்டு, நான்தான் அந்த டப்பாவக் குடிக்க வச்சேன், நான்தான் குடிக்க வச்சேன்னு. நான் முதுகத் தடவிக் குடுத்தேன்.

நேத்து உங்க ஆளுங்க போன் பண்ணி எல்லாம் வெளக்கமாச் சொன்னாங்க. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேட்டோம். டப்பாப் பால்னா ஆறு மணி நேரம் முன்னாடியே நிறுத்திரணும், தாய்ப்பால்னா நாலு மணி நேரம், வயித்துல எது இருந்தாலும் மயக்கத்துல மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும், உயிருக்கே ஆபத்துன்னு. அந்தம்மா தாய்ப்பால்னு சொன்னப்ப இவர் குறுக்க பூந்து, அது எங்களுக்குப் பொருந்தாதுங்க, அவளுக்கு எப்பவோ வத்திருச்சுன்னார். என் எதிர்லயே. நான் பாத்திரம் கழுவிக்கிட்டு நிக்கிறேன். மந்தையில ஒண்ணப் பத்திச் சொல்ற மாதிரி. அலாரம் வச்சு எந்திரிச்சு ரெண்டு மணிக்குக் கடைசிப் புட்டியக் குடுத்ததும் அவர்தான். இங்க ஃபாரத்துல அதையும் எழுதி வச்சுருக்கார் பாருங்க, எவ்ளோ அழகான கையெழுத்து. ரெண்டு மணி அஞ்சு நிமிஷம்னு.

என்ன, கூப்பிட்டுட்டாங்களா? அதுக்குள்ளயா? இருபது நிமிஷம்னீங்களே.

இல்ல சிஸ்டர், அழல. பயமாவும் இல்ல. ஆமா, நல்ல டாக்டர்னு சொன்னாங்க. ஆமா, பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும். நீங்க சொல்றது எல்லாம் காதுல விழுது. என்ன சொன்னீங்க? இவ்ளோ நேரம் பட்டினியா இருந்தும் அழாத புள்ளைய உங்க சர்வீஸ்லயே பாத்ததில்லையா? அந்த மனுசன் கையில என்னமோ இருக்குன்னா சொல்றீங்க?

கொஞ்சம் இருங்க. போகாதீங்க. கதவ மூடிட்டு வாங்க.

அவர் கையில ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஆறு மணி நேரம் பட்டினியாக் கெடந்தா டெக்லன் இல்ல, யார் தூக்கினாலும் அவன் ஊரக் கூட்டுவான். அவன் வயிறு நெறஞ்சிருக்கு. அதான் சும்மா இருக்கான். நான் குடுத்தேன். ஏழரைக்கு இவர் வண்டிய வேற எடத்துல விடப் போனார்ல, அப்ப டயப்பர் மாத்துறேன்னு அந்தத் தாய்மார் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். கத்தினான். என் வாசம் பட்டதும் வாயத் தொறந்துக்கிட்டு வந்தான். ரெண்டு பக்கமும் குடிச்சான். இன்னும் முக்கா மணி நேரம் கூட ஆகல.

ஆமா, போன் பண்ணுங்க, பண்ணுங்க. மயக்க டாக்டர்கிட்டச் சொல்லுங்க. பண்ணிக்கிட்டே கேளுங்க, நான் திரும்பச் சொல்ல மாட்டேன், எனக்குத் தெம்பு இருக்காது. எனக்கு வத்தவே இல்ல. ராத்திரி எந்திரிச்சு பாத்ரூம்ல கறந்து கறந்து ஊத்தி, வத்த விடாம வச்சுருந்தேன். எதுக்குன்னு எனக்கே தெரியல. அப்புறம் ஒரு நாள் மூணு மணிக்கு, என் கையில புட்டியக் குடிக்க மாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். ஒரே ஒரு தடவைன்னுதான் குடுத்தேன். அவன் நிமிந்து என்னையே பாத்தான் சிஸ்டர். கதவப் பாக்கல. ஆறு வாரமாத் தெனமும் குடுக்குறேன். இவர் கொட்டகையில கறவை மெஷினப் போட்டதும், அந்தச் சத்தம் கேட்டதும், அவன் என் சட்டையத் தேட ஆரம்பிச்சுருவான். புட்டிப் பால சிங்க்ல ஊத்திருவேன்.

தெரியும். தெரியாம என்ன. ரத்தம் வந்த மொத நாளே தெரியும். நான் என்ன சாப்பிட்டா என்ன ஆகும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? பாலையும் சீஸையும் திரும்ப நிறுத்திருக்கலாமேன்னுதான கேக்குறீங்க? எப்படி நிறுத்துறது? காலையில அவர் டீயோட வந்து உக்காந்துக்குறார். கருப்பாக் குடுங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பார். ஒரு தடவை கோப்பையக் கீழ வச்சேன். என்ன ஆச்சு ப்ரோனி, உடம்பு சரியில்லையான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தார். எடுத்துக் குடிச்சுட்டேன். தெனமும் குடிச்சேன். இன்னைக்குக் காலையில மோட்டல்லயும் குடிச்சேன். நாளைக்கு நிறுத்திரலாம், நாளைக்கு நிறுத்திரலாம்னு அஞ்சு வாரம் போச்சு. டயப்பரத் தொறக்குறப்ப எல்லாம் சத்தியம் பண்ணுவேன். மூணு மணி ஆனா மெஷின் சத்தம் கேக்கும்.

அதனால கேமரா வேணாம் சிஸ்டர். அவனுக்கு வேற வியாதி ஒண்ணும் இல்ல. டப்பா மேலயும் தப்பு இல்ல, இவர் மேலயும் இல்ல. என்ன எழுதணுமோ எழுதிக்குங்க, யாரக் கூப்பிடணுமோ கூப்பிடுங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.

அவர்கிட்டயா? என்னால முடியாது. நீங்களே சொல்லிருங்க. அவன எழுப்பிராம மெதுவாச் சொல்லுங்க, தூங்கிட்டான் பாருங்க தோள்லயே. எல்லாத்தையும் சொல்லுங்க, ஆறு வாரம், டீ, சிங்க்ல ஊத்தினது, எதையும் மறைக்க வேணாம். ஆனா ஒண்ணு சிஸ்டர், இன்னைக்குக் காலையில பூரா அவன் அழாம இருந்தது என் பாலுக்குத்தான்னு, அதையும் மறக்காம அவர்கிட்டச் சொல்லுங்க.